மறு: அமில மண்ணுக்கு இடும் சுண்ணாம்பு – கலைச்சொல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'வேளாண் சுண்ணாம்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். சுண்ணாம்பு என்றதும் நினைவுக்கு வருவது காளவாயில் சுட்டது, அல்லது அதை நீற்றியது. வயலின் புளிப்பைத் தணிக்கப் பெரும்பாலும் இடுவதோ சுடாமல் அரைத்த சுண்ணக்கல். தூய கல்மாவு 100 கிலோ செய்யும் வேலையைச் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோவே செய்துவிடும். நீற்றியதென்றால் 74 கிலோ. பெயர் குழம்பினால் அளவும் குழம்பும். நீற்றியதை அம்மோனியம் சல்பேட்டோடு கலந்து இட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். ஆகவே சுடாமல் அரைத்த கல்லை மட்டும் குறிக்க 'சுண்ணக்கல் மாவு' போதும்.

சிக்கல் பொதுப்பெயரில்தான். கல்மாவு, டாலமைட் (மக்னீசியமும் கலந்த சுண்ணக்கல் வகை), நீற்றிய சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும். 'சுண்ணாம்புப் பொருள்கள்' என்பதை நான் ஏற்கமாட்டேன். கால்சியத்தையே சுண்ணாம்புச்சத்து என்று வழங்குகிறோம்; அதனால் கால்சியம்தான் மண்ணின் புளிப்பைத் தணிக்கிறது என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. உண்மையில் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து நீராக்குவது கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும். ஜிப்சத்திலும் கால்சியம் நிறைய உண்டு, களர் நிலத்தைத் திருத்த அதைத்தான் இடுகிறோம். ஆனால் அமில நிலத்தில் அதைக் கொட்டினாலும் புளிப்பு முறியாது.

என் பரிந்துரை: அமிலமுறி. நச்சுமுறி என்கிறோமே, அதே ஆக்கம். ('அமில நீக்கி' வயிற்று மருந்துக்குப் போய்விட்டது.) இதிலிருந்து 'முறிதிறன்' என்ற சொல்லும் எளிதாகக் கிடைக்கிறது: தூய சுண்ணக்கல்லுக்கு 100 என்று கொண்டால் தூய டாலமைட்டுக்கு ஏறத்தாழ 109, நீற்றியதற்கு 135, சுட்டதற்கு 179. ஜிப்சத்துக்குச் சுழி.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "முட்டைக்கோசில் வேர்வீக்க நோய் கண்ட நிலத்துக்கு அடுத்த நடவுக்கு முன்பே அமிலமுறி இடுங்கள். தேயிலைக்கு மிகையாக இடாதீர்கள். அது கார அமில நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணையே விரும்பும்." நீலகிரி விவசாயி இதைத் தடங்கலின்றிப் படிப்பார் என்றே நம்புகிறேன்.

இன்னொன்று பாக்கி. கார அமில நிலை ஒன்றாகவே இருந்தாலும், களியும் மட்கும் மிகுந்த மண்ணுக்கு மணற்பாங்கான மண்ணைவிடக் கூடுதலாக இட வேண்டியிருக்கும். மண்ணுக்கு மண் மாறும் அந்த அளவை 'முறித்தேவை' என்று எழுதிப் பார்த்தேன், ஓசை ஒட்டவில்லை. மண் ஆய்வகங்களில் பணிபுரியும் நண்பர்கள் இதற்கு என்ன சொல் வழங்குகிறார்கள்?