கரண்ட் கம்பெனி மாத்தப் போறோம், எந்த பிளான் எடுக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. சும்மா இருந்துட்டா, விலை ஏறி இறங்குற பிளானுக்கு அவங்களே மாத்திடுவாங்க. அதுக்குள்ள வேற கம்பெனி பார்க்கணும்.

ரெண்டு பிளான் கையில இருக்கு. முதல்ல உள்ளதுல யூனிட் விலை கம்மி, தினசரி நிலையான கட்டணம் ஜாஸ்தி. வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போனாலும் அது ஏறிக்கிட்டேதான் இருக்கும். எங்களை மாதிரி ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அது கட்டுப்படி ஆகாதுன்னு தோணுது.

இன்னொண்ணு நேரத்துக்கு ஒரு விலை. ராத்திரி மலிவு, சாயங்காலம் அதிகம். 2 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட், அதை ராத்திரிக்குத் தள்ளிடலாம். வாஷிங் மெஷினும் அப்படித்தான். ஆனா சமையல் கரண்ட் அடுப்புல, அதுவும் சாயங்காலம்தான்.

இப்படி மாறினவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க, பில் நிஜமாவே குறைஞ்சுதா? பழைய பில் சிலதுல உத்தேச ரீடிங்தான் போட்டிருக்காங்க, அதை வெச்சு வருஷக் கணக்கு போடலாமா? பாதியில விலகினா அபராதம் எவ்வளவுன்னு ஒப்பந்தத்துல எங்க பார்க்கணும்? மாறுற அன்னைக்கு மீட்டரை போட்டோ எடுத்து வெச்சா போதுமா?