கீத் ஜாரெட்டின் ஸ்டாண்டர்ட்ஸ் ட்ரையோ: பின்வாங்கலா?

நடுநிசி வானொலி:
1975 ஜனவரியில் ஜெர்மனியின் கொல்ன் நகரத்து ஓபரா அரங்கில், கேட்ட பியானோ வராமல் சரியில்லாத ஒரு சின்ன பியானோவின் முன் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த நேரத்தில் தோன்றியதையே வாசித்தவர் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட். அதே எழுபதுகளில் இரண்டு குவார்ட்டெட், அதாவது நால்வர் குழு, நடத்தினார். ஒன்றில் டியூயி ரெட்மன், சார்லி ஹேடன், பால் மோஷன். மற்றதில் யான் கார்பரெக்கும் ஸ்காண்டிநேவிய நண்பர்களும். இரண்டுக்கும் பாடல்களை எழுதியது பெரும்பாலும் அவர்தான்.

1983-இல் பேஸுக்குக் கேரி பீகாக், ட்ரம்ஸுக்கு ஜாக் டிஜானெட் என்று இருவரைச் சேர்த்துக்கொண்டு இந்த ட்ரையோவை, அதாவது மூவர் குழுவை, தொடங்கினார். அதிலிருந்து 2014 வரை திரும்பத் திரும்ப ஸ்டாண்டர்டுகள், அதாவது ஜாஸ்காரர்கள் பலரும் வாசிக்கும் பழைய பிராட்வே பாட்டு, ஹாலிவுட் பாட்டு. அற்புதமாக வாசித்தார், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய இசையமைப்பாளரை நாம் அங்கே இழந்தோம். எனக்கு அது பின்வாங்கல்தான்.

வெள்ளைக்கட்டை:
இதை 1983-இல் நின்று பாருங்கள். சொந்தப் பாடல் எழுதுகிறவர்தான் தீவிரமான ஜாஸ் கலைஞர் என்ற எண்ணம் வலுவாக இருந்த காலம். ஸ்டாண்டர்ட் என்றால் ஹோட்டல் பாரில் வாசிப்பது, இல்லாவிட்டால் மாணவர்கள் பழகுவது. கொல்ன் கச்சேரியின் ஆல்பம் அவ்வளவு விற்ற பிறகு, ஜாரெட் அந்தப் பழைய பாட்டுகளை எடுத்தது சௌகரியத்துக்காக என்று எப்படிச் சொல்ல முடியும்?

நியூயார்க் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் நடந்த ட்ரையோவின் முதல் பதிவிலிருந்தே மூன்று ஆல்பங்கள் வந்தன. அதில் 'சேஞ்சஸ்' முழுக்க சொந்தச் சரக்கு. முதல் ஆல்பத்தில் 'காட் பிளெஸ் த சைல்ட்' இருக்கிறது, பில்லி ஹாலிடேயின் பாட்டு. அதைச் சர்ச் தாளத்துக்கு மாற்றி 15 நிமிடம் வாசிக்கிறார்கள். மூலப்பாட்டை மட்டும் தெரிந்தவர் இப்படி ஒன்று அதற்குள் இருக்கும் என்று நினைத்தே இருக்க மாட்டார்.

மூன்றாம் வரிசை:
வாசித்துக்கொண்டே அவர் போடும் முனகல்தான் எனக்குத் தடை. பீகாக்கின் பேஸ் ஒலிக்கும் மென்மையான இடத்தில்கூட விடமாட்டேன் என்கிறார்.

வெள்ளைக்கட்டை:
அது பலருக்கும் உள்ள குறை. கூர்ந்து கேட்டால், வலது கை எடுக்கப்போகும் வரியைத்தான் பாடுகிறார். அதனால்தான் அந்த வரிகளில் மூச்சு விடும் இடமெல்லாம் இருக்கிறது.

நடுநிசி வானொலி:
முனகலை விடுங்கள். பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1961-லேயே நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் தன் ட்ரையோவோடு இதைச் செய்து காட்டிவிட்டார். ஸ்காட் லஃபாரோவின் பேஸ் பின்னணியாக இல்லாமல் பியானோவோடு சரிக்குச் சரி பேசியது. அன்று ட்ரம்ஸில் இருந்தவர், பிற்பாடு ஜாரெட்டோடு வாசித்த அதே பால் மோஷன். அப்படியிருக்க 22 வருடம் கழித்து அதே பியானோ, பேஸ், ட்ரம்ஸ், அதே வகைப் பாட்டுகள் எதற்கு? அடுத்த தலைமுறை பியானோ கலைஞர் பிராட் மெல்டாவைப் பாருங்கள். தொண்ணூறுகளில் ஸ்டாண்டர்டுகளோடு பீட்டில்ஸ், ரேடியோஹெட் போன்ற ராக் குழுக்களின் பாட்டுகளையும் எடுத்து வாசித்தார். ஸ்டாண்டர்ட் என்பது வளர வேண்டிய பட்டியல். ஜாரெட் அதைத் தன் இளமைக்கால அளவிலேயே நிறுத்திவிட்டார்.

வெள்ளைக்கட்டை:
பட்டியல் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எவன்ஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எவன்ஸ் பாட்டின் உள்ளே போகிறார். கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை, மாற்றி அடுக்கி, அதன் நிறத்தை மாற்றுகிறார். பெரும்பாலும் பாட்டின் சுற்றுக்குள்ளேயே இருப்பார். ஜாரெட் பாட்டுக்கு முன்னும் பின்னும் இடம் உண்டாக்குகிறார். ஜெரோம் கெர்ன் 1939-இல் எழுதிய 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' வழக்கமான 32 பார் (தாளக் கட்டம்) கிடையாது, 36 பார். போகிற வழியில் பல சுருதிகளைத் தொட்டுத் திரும்பும். இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு ஜாரெட் தனியாக ஒரு முன்னுரை வாசிப்பார். எந்தப் பாட்டு வரப்போகிறது என்று சீக்கிரம் பிடி கொடுக்காது. பேஸும் ட்ரம்ஸும் நுழையும்போதுதான் மெட்டு தெரியும். பாட்டு முடிந்த பிறகும் சில சமயம் நிறுத்த மாட்டார்கள். இரண்டு மூன்று கார்டை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றை வளர்ப்பார்கள். 1994 ஜூனில் ப்ளூ நோட் கிளப்பில் பதிவான 'ஆட்டம் லீவ்ஸ்' 26 நிமிடத்துக்கு மேல் போகிறது. கொல்னில் கேட்ட அதே ஜாரெட்தான் அங்கேயும் இருக்கிறார், கூட இரண்டு பேரோடு.

இன்னொன்று. ட்ரையோ இருந்த காலத்தில் தனிக் கச்சேரியை அவர் விட்டுவிடவில்லை. 1991-இல் வியன்னா, 1995-இல் மிலானின் லா ஸ்காலா. இரண்டிலும் பெரும்பகுதி அந்த நேரத்தில் பிறந்த இசை.

மாலைக்காற்று:
தாமதமாகச் சேர்கிறேன். இருவருமே அவருடைய நோய்க்காலத்தைத் தொடவில்லை. 1996 வாக்கில் நாட்பட்ட களைப்பு நோய் வந்து கச்சேரிகளை நிறுத்தினார். பியானோ முன் கொஞ்ச நேரம் உட்காருவதே பாடாக இருந்த நிலையில், வீட்டிலேயே தனியாகப் பதிவு செய்ததுதான் 'த மெலடி அட் நைட், வித் யூ'. 1999-இல் வெளிவந்தது. கெர்ஷ்வின் பாட்டும் நாட்டுப்புற மெட்டும் இருக்கின்றன. மின்னல் வேகம் இல்லை, நீளமான கற்பனை இல்லை. மெட்டை அப்படியே மெதுவாக வாசிக்கிறார், அவ்வளவுதான். ஸ்டாண்டர்டுகளோடு அவ்வளவு வருடம் வாழாதவர் இப்படி வாசிக்க முடியாது என்று நான் நம்புகிறேன். ஒன்றும் சேர்க்காமல் இருக்கும் துணிச்சல் அந்த ட்ரையோவில் பழகியது.

நடுநிசி வானொலி:
அந்த ஆல்பம் எனக்கும் உயிர். அதை வைத்தே கேட்கிறேன், மாலைக்காற்று: எழுபதுகளில் தன் குவார்ட்டெட்டுக்கு 'மை சாங்' போல ஒரு மெட்டை எழுதிய மனிதர், மெட்டின் அருமையை இவ்வளவு அறிந்தவர், அதற்கப்புறம் ஒரு குழுவுக்காக அப்படி ஏன் எழுதவே மாட்டேன் என்று இருந்தார்? 2018-இல் இரண்டு முறை பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. இனி எழுதி வாசிப்பார் என்று காத்திருக்க வழியில்லை. அதனால்தான் இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகிறது.

மாலைக்காற்று:
எழுதுவதில் இருந்த ஆசை குறைந்து, கேட்பதில் ஆசை கூடியிருக்கலாம். அவருக்கு அதற்கு உரிமை இல்லையா?

வெள்ளைக்கட்டை:
2000-இல் லண்டனில் பதிவான 'இன்சைட் அவுட்' கேட்டிருக்கிறீர்களா, நடுநிசி? அதே மூவர், கடைசித் துண்டைத் தவிர ஸ்டாண்டர்டே கிடையாது. பதினேழு வருடம் பழைய பாட்டுகளை வாசித்த பிறகு, பாட்டே இல்லாமல் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். அப்போதும் பின்வாங்கல் என்றுதான் சொல்வீர்கள் என்றால், எந்த இடத்தில் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அங்கிருந்து பேசுவோம்.