எம்42 பழைய லென்ஸ் இரண்டு: சொனி ஏ6400இலும் நிக்கொன் டி5300இலும் போடுவது எப்படி?

வெள்ளவத்தை ரீல்:

வணக்கம். கையில் இருக்கிற சாமான்: சொனி ஏ6400, நிக்கொன் டி5300, எம்42 திருகு மவுண்டில் (42 மிமீ மரையால் கமராவில் பூட்டுவது) சூப்பர் டகுமர் 50 எம்எம் எஃப்/1.4, ஹீலியோஸ் 44-2 58 எம்எம் எஃப்/2. இரண்டு கமராவுக்கும் ஒன்லைனில் மலிவான அடப்டர் எடுத்தாச்சு. சிக்கல்கள் இவை:

சொனியில் திரையில் படம் தெரியுது, ஷட்டரை அமர்த்தினால் ஒன்றும் நடக்கவில்லை. டகுமரில் அப்பர்ச்சர் (வெளிச்சம் புகும் துளை) வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் வெளிச்சம் மாறவில்லை. நிக்கொனில் ஹீலியோஸ் ஏறக்குறைய மூன்று மீற்றருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. டகுமரின் கண்ணாடி வெறும் தேத்தண்ணி நிறம். ஹீலியோஸின் உள்விளிம்பில் சிலந்தி வலை மாதிரி ஒன்று கிடக்கு.

கொழும்பு செட்டியார் தெருவில் ஆடிவேல் திருவிழா ரதம் வரும்போது இரவில் இவற்றால் எடுக்க வேணும். சனத்துக்குள் நின்று வியூஃபைண்டர் பார்க்க ஏலாது, அதனால் லென்ஸில் உள்ள தூர அளவை வைத்து எடுக்கலாம் என்று யோசனை. சரி வருமா?

பழங்கண்ணாடி:

முதல் மூன்றும் லென்ஸின் பழுது இல்லை.

சொனி: மெனுவில் கமரா செட்டிங்ஸ் இரண்டாவது பகுதிக்குள் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’ என்று ஒன்று இருக்கு, அதை ‘எனேபிள்’ ஆக்குங்கோ. மின்தொடர்பு இல்லாத அடப்டர் என்றபடியால் லென்ஸே பூட்டவில்லை என்று கமரா நினைக்குது. பிறகு மோட் டயலை ஏ அல்லது எம்மில் வையுங்கோ. ஏ மோடில் ஒளி அளவீடு ஒழுங்காக வேலை செய்யும். அப்பர்ச்சர் இருக்கிற இடத்தில் ‘எஃப்--’ என்று காட்டும், படத்தின் தகவலிலும் பதியாது.

இன்னொன்று: ஃபோகஸ் வளையத்தைத் தொட்டவுடன் படம் தானாகப் பெரிதாகும் வசதி இந்த லென்ஸ்களுக்கு வராது, வளையம் திரும்புறது கமராவுக்குத் தெரியாதே. ‘ஃபோகஸ் மக்னிஃபையர்’ஐ ஒரு கஸ்டம் பொத்தானில் போட்டு வையுங்கோ. பீக்கிங்கை (ஃபோகஸ் ஆன விளிம்புகளை நிறத்தில் காட்டும் வசதி) லோவில் சிவப்பாக வைத்தால் போதும். ஹை வைத்தால் ஃபோகஸ் இல்லாத இடமும் சிவந்து நின்று ஏமாற்றும்.

டகுமர்: லென்ஸின் பக்கத்தில் ஏ/எம் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். எம்முக்குத் தள்ளுங்கோ. ஏயில் இருந்தால், பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் குச்சியை ஏதாவது உள்ளே அமர்த்தும் வரைக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் முழுக்கத் திறந்தே நிற்கும். உள்விளிம்பு உள்ள அடப்டர் அந்தக் குச்சியை அமர்த்தும், வெறும் வளைய அடப்டர் அமர்த்தாது. உங்களிடம் இருப்பது இரண்டாவது வகை. ஹீலியோஸ் 44-2இல் குச்சியே இல்லை. முன் வளையத்தில் வேண்டிய எண்ணை வைத்து, கிளிக் இல்லாத மற்ற வளையத்தால் திறந்து மூட வேணும்.

நிக்கொன்: இது வெறும் கணக்கு. எம்42 லென்ஸின் இருப்பிடம் சென்சரில் இருந்து 45.46 மிமீ. நிக்கொன் எஃப் மவுண்ட் 46.5 மிமீ. லென்ஸ் 1.04 மிமீ முன்னுக்குத் தள்ளி நிற்குது, அதாவது நிரந்தரமாக ஒரு மெல்லிய எக்ஸ்டென்ஷன் வளையம் போட்ட மாதிரி. 58 எம்எம்மின் வர்க்கம் 3364, அதை 1.04ஆல் பிரித்தால் 3235 மிமீ. உங்கள் மூன்று மீற்றர் அங்கிருந்துதான் வருது. அடப்டரின் விளிம்பு இன்னும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு என்றால் இரண்டு மீற்றருக்குள்ளேயே இறங்கிவிடும். கண்ணாடி வைத்த அடப்டர் தூரத்தைத் திருப்பித் தரும், ஆனால் அந்த மலிவுக் கண்ணாடி எஃப்/2இல் படத்தைச் சோப்பு போட்டுக் கழுவினது போல் ஆக்கும். டி5300இல் எம்42 வேண்டாம் என்பதுதான் என் முடிவு. அதற்குப் பழைய நிக்கோர் லென்ஸே எடுங்கோ. 1977இல் ஏஐ (வைத்த அப்பர்ச்சரைக் கமராவுக்குச் சொல்லும் நிக்கொன் முறை) வருவதற்கு முந்தியவைகூட டி5300இல் பயமில்லாமல் ஏறும், ஒளி அளவீடுதான் கிடைக்காது. அதே லென்ஸை டி7000 வரிசையில் மாற்றாமல் போட்டால் மவுண்டோரத்து நெம்பு உடையும், அதை மட்டும் மறக்காதேங்கோ.

கொட்டாஞ்சேனை 49எம்எம்:

பழங்கண்ணாடி சொன்னது சரி. ஆனா ஆடிவேல் விஷயத்தில ஒரு பெரிய பொறி இருக்கு, அதைச் சொல்லிடுறேன்: தூர அளவை நம்ப முன்ன அடப்டரை அளங்க.

சொனி ஈ மவுண்ட் 18 மிமீ. அப்ப எம்42 அடப்டர் 45.46 - 18 = 27.46 மிமீ இருக்கணும். மலிவு அடப்டர்களை வேணும்னே கொஞ்சம் மெல்லிசாத்தான் செய்வாங்க, முடிவிலி (மிகத் தூரத்து ஃபோகஸ்) கிடைக்கலைன்னு யாரும் திருப்பி அனுப்பக் கூடாதேன்னு. 0.2 மிமீ குறைஞ்சா என்ன ஆகுதுன்னு பாருங்க. 50 எம்எம் லென்ஸில 3 மீற்றர் கோட்டில வைக்கும்போது லென்ஸ் வெளியே வாற தூரம் ஏறக்குறைய 0.85 மிமீ. அதில 0.2 போனா மிச்சம் 0.65. உண்மையில ஃபோகஸ் நிற்கிறது 3.9 மீற்றரில! 28 எம்எம் லென்ஸ் போட்டீங்கன்னா நிலைமை இன்னும் மோசம். அதே 3 மீற்றர் கோடு 12 மீற்றருக்குப் போயிடும். பின்னால ‘லென்ஸ் ஷார்ப் இல்லை’ன்னு லென்ஸைத் திட்டுவோம்.

சோதிக்கிறது லேசு. ஒரு கிலோமீற்றருக்கு அப்பால நின்று தாமரைக் கோபுரத்தின்ட உச்சியை 11.7 மடங்கு பெருக்கத்தில ஃபோகஸ் பண்ணுங்க. காலையில பண்ணுங்க, மத்தியானம் வெக்கையில காற்று ஆடும். வளையம் முட்டி நிற்கிற இடத்தில உச்சி கூர்மையாத் தெரிஞ்சா அடப்டர் சரி. முட்ட முன்னமே கூர்மையாகி, முட்டும்போது மங்கினா அடப்டர் மெல்லிசு. முட்டியும் கூர்மை வரலைன்னா தடிப்பு.

மெல்லிசு என்றால் திருத்தலாம். பெரும்பாலான ஈ மவுண்ட் அடப்டர்கள்ல கமராப் பக்கத் தட்டு நாலு சின்ன திருகாணியில நிற்கும். கழட்டி, தட்டுக்கும் உடலுக்கும் நடுவில சுற்று முழுக்க ஒரே தடிப்பில மெல்லிய தகடு வைங்க. குளிர்பானக் கேன்ட பக்கச் சுவர் ஏறக்குறைய 0.1 மிமீ, கத்தரிக்கோலால வெட்டலாம். ஓரத்தைத் தேய்ச்சு மழுங்கடிச்ச பிறகு வைங்க. ஒரு பக்கம் மட்டும் வைச்சா லென்ஸ் சாய்ஞ்சு படத்தின்ட ஒரு மூலை மங்கும். வேணியர் இடுக்கிமானி இருந்தா நாலு இடத்தில அளந்து பார்த்துட்டு இறுக்குங்க.

தகடு வைக்க மனமில்லைன்னா வேற வழி: டேப் வைச்சு சென்சரில இருந்து 3 மீற்றர் அளந்து, அந்தத் தூரத்தில ஒரு பேப்பரை ஒட்டி ஃபோகஸ் பண்ணி, வளையத்தில நகப்பூச்சால ஒரு வெள்ளைப் புள்ளி வைங்க. இரவில அச்சடிச்ச எண்ணை விட இது நல்லாவே தெரியும்.

புதிய அடப்டரைக் கமராவில போட முன்ன கமராவுக்கு வெளியில வைச்சு லென்ஸை நாலஞ்சு தரம் திருகிக் கழட்டி, மரையை பிரஷ்ஷால துடைங்க. அலுமினியத் தூள் கொட்டும், அது சென்சரில விழக் கூடாது. லென்ஸை இறுக்கினதும் எண்கள் பக்கவாட்டில போய் நின்னா, அடப்டரின் உள்வளையத்தைச் சுத்தி மூணு பொடித் திருகாணி இருக்கும். அதைத் தளர்த்தி மேலுக்குத் திருப்பி இறுக்குங்க.

உலர்பெட்டி:

மஞ்சளும் பங்கஸும் பற்றி.

இந்த டகுமரின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கு. அதன் கதிர்வீச்சு காலப்போக்கில் கண்ணாடியையே நிறம் மாற்றும். கமராவில் போட்டுப் பாவிக்கிறதில் பயம் இல்லை. அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ கழற்றிக் கண்ணோடு ஒட்டிப் பார்க்கவோ வேண்டாம். நிறத்தை வைற் பலன்ஸ் சரிக்கட்டிவிடும், ஆனால் ஒரு ஸ்டொப் வரை, அதாவது பாதி வரை, வெளிச்சம் போகும், இரவுக்கு அது பெரிய நட்டம். யூவி எல்ஈடி மேசை விளக்கு ஒன்றின் கீழ், லென்ஸின் பின்பக்கம் விளக்கைப் பார்க்க, முன்பக்கம் அலுமினியத் தாளில் படிய, இதழ்களை முழுக்கத் திறந்து வையுங்கோ. சில நாளில் இருந்து இரண்டு கிழமைக்குள் தெளியும். விளக்கை நேரே பார்க்காதேங்கோ.

பங்கஸ்: முதலில் டோர்ச்சை பின்னால் பிடித்து, முன்னால் சாய்வாகப் பாருங்கோ. நூல்நூலாகக் கிளை விட்டால் பங்கஸ். சீரான புகை என்றால் கிறீஸ் ஆவி. விளிம்பில் வானவில் நிறம் என்றால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியுது, அதற்கு வீட்டில் மருந்து இல்லை. ஹீலியோஸில் ஆறு கண்ணாடி நான்கு தொகுதியாக இருக்கு, அதில் இரண்டு தொகுதி ஒட்டியவை. ஒட்டுக்குள்ளே பங்கஸ் என்றால் விட்டுவிடுங்கோ, விளிம்பில் மட்டும் இருந்தால் படத்தில் தெரியவும் தெரியாது.

வெளிப்பரப்பில் என்றால்: பெயர் எழுதிய முன்வளையத்தை றப்பர் அடைப்பானால் அமர்த்தித் திருப்பினால் கழலும். உள்ளே வெட்டுள்ள வளையத்துக்கு லென்ஸ் ஸ்பானர் வேணும். குறடு போட்டால் வழுக்கிக் கண்ணாடியைக் கீறும். ஒவ்வொரு கண்ணாடியும் எந்தப் பக்கம் பார்த்தது என்று விளிம்பில் பென்சிலால் குறியுங்கோ. பாமசியில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டை லென்ஸ் தாளில் நனைத்துத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடையுங்கோ. திரவத்தை நேரே கண்ணாடியில் விட வேண்டாம், ஓரத்தால் ஊறி ஒட்டுக்குள் இறங்கும். துடைத்த பிறகும் நூல் தடம் தெரிந்தால் பூச்சு அரிபட்டாச்சு, அது திரும்பி வராது.

கொழும்பில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல், துப்புரவாக்கின லென்ஸை அலுமாரிக்குள் வைத்தால் திரும்பவும் அதே கதைதான். றப்பர் ஓரம் உள்ள காற்றுப் புகாப் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரமானி. 40இல் இருந்து 50க்குள் வையுங்கோ. பழைய தோல் உறையை எறியுங்கோ, ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அரிசிக்குள் போடுவது தூசிக்குள் போடுவதுதான். அலுமாரிக்குள் பல்ப் எரிய விடும் பழைய வழியும் இப்ப சரிவராது, எல்ஈடி பல்பில் சூடு எங்கே?

வெள்ளவத்தை ரீல்:

மிக்க நன்றி. ஷட்டரும் அப்பர்ச்சரும் சரி வந்திட்டுது. தாமரைக் கோபுரம் வளையம் முட்டுவதற்குக் கொஞ்சம் முன்னமே கூர்மையாகுது, அடப்டர் மெல்லிசுதான். இரண்டு சந்தேகம்: டகுமரை மொட்டை மாடி வெயிலில் வைத்தால் விளக்குச் செலவு மிச்சமா? ஹீலியோஸின் சுழலும் பின்னணி ஏ6400இல் வரவே இல்லை, அதற்கு ஃபோக்கல் ரெடியூசர் (படத்தைச் சுருக்கிச் சென்சரில் விழுத்தும் கண்ணாடி அடப்டர்) வாங்கலாமா?

உலர்பெட்டி:

வெயில் வேலை செய்யும், ஆனால் நான் சொல்லமாட்டேன். கொழும்பு வெயிலில் உலோக உடல் கொதித்து, ஃபோகஸ் கிறீஸ் இளகி இதழ்களில் எண்ணெயாகப் படியும். போதாததுக்கு லென்ஸ் வெயிலைக் குவித்து நெருப்பும் வைக்கும்.

கொட்டாஞ்சேனை 49எம்எம்:

சுழல் வாறது ஃபிரேமின்ட ஓரத்தில. ஏ6400இன்ட ஏபிஎஸ்-சி சென்சர் ஃபுல்ஃபிரேமை (35 எம்எம் ஃபிலிம் அளவு) விடச் சின்னது, அந்த ஓரத்தைத்தான் வெட்டுது. 0.71 ரெடியூசர் 58ஐ ஏறக்குறைய 41 எம்எம் ஆக்கும், சுழலும் பாதிக்கு மேல திரும்பும், வெளிச்சமும் ஒரு ஸ்டொப் கூடும். ஆனா மலிவு ரெடியூசர்ல மூலை கரையும், எதிர் விளக்கில நடுவில நீலப் பொட்டு விழும். ரதம் முழுக்க பல்ப். இந்த ஆடிவேலுக்கு வேண்டாம்.

அன்றைக்கு டகுமரைப் போடுங்க. ஏ6400இல 3 மீற்றரில எஃப்/2 என்றால் கூர்மை ஆழம் (முன்னும் பின்னும் கூர்மையாத் தெரியிற தூரம்) ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர்தான், கண்ணால பார்க்காம எடுக்கிறதுக்குப் போதாது. எஃப்/4 வைச்சா 60க்குக் கிட்ட வரும். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/125இல் தொடங்கிப் பாருங்க. கமராவில உள் ஸ்டெபிலைசர் (கை ஆட்டத்தைச் சரிக்கட்டுற வசதி) இல்லை, அதுக்குக் கீழ போகாதீங்க. லென்ஸில உள்ள ஆழக் கோடுகள் ஃபுல்ஃபிரேம் கணக்கு. எஃப்/4 வைச்சா எஃப்/2.8 கோட்டைப் பார்த்து வாசிங்க.

ரெண்டு லென்ஸுக்கும் ஃபில்டர் மரை 49 மிமீ, அதனால ஒரே உலோக ஹூட் போதும். உங்களுக்கு ஓரம் வெட்டுப்படுறதால 85 எம்எம்முக்கு உள்ள நீட்டு ஹூட்டையே போடலாம், மின்விளக்கு மாலைகளுக்கு முன்னால அது கட்டாயம் வேணும். ஏசி வாகனத்தில இருந்து இறங்கினதும் பையைத் திறக்காதீங்க. அரை மணித்தியாலம் மூடியே வைங்க, இல்லாட்டி உள் கண்ணாடியில பனி பிடிச்சு ரதம் தாண்டின பிறகுதான் தெளியும்.