கைத்தறித் தொழிலாளர்களின் கூலிக்காக 4 வீத வட்டிக் கடனை எடுக்கலாமா? (2020 மே)

கைத்தறி உரிமையாளர், மருதமுனை:

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். இலங்கையின் கிழக்கே மருதமுனையில் 12 கைத்தறிகளை வைத்துச் சாரனும் சேலையும் நெய்விக்கிறேன். மார்ச் 20 ஆம் திகதி மாலை ஊரடங்கு தொடங்கியதிலிருந்து தறிகள் நின்றுவிட்டன. தறியில் ஏற்றிய பாவு (நீளவாட்டு நூல்) பாதி நெய்த நிலையில் அப்படியே கிடக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் என்று நெய்து வைத்த சரக்கைக் கொழும்புக் கடைகள் எடுக்கவில்லை. முன்னர் எடுத்த சரக்குக்குத் தந்த காசோலைகளையும் இப்போதைக்கு வங்கியில் இட வேண்டாம் என்கின்றன. என்னிடம் நெய்பவர்களில் பெரும்பாலோர் துண்டுக் கணக்கில் கூலி பெறும் பெண்கள். அரசாங்கம் வழங்கிய 5,000 ரூபாய் சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை.

மத்திய வங்கியின் சௌபாக்கியா கொவிட்-19 மறுமலர்ச்சிக் கடன் 4 வீத வட்டிக்குக் கிடைக்கிறது என்று அறிந்து ஒரு வங்கிக் கிளையில் விசாரித்தேன். சம்பளப் பட்டியலையும் ஊழியர் சேமலாப நிதி (ஓய்வுகாலச் சேமிப்பு) பதிவையும் கேட்டார்கள். என்னிடம் இருப்பது கூலிக் கொப்பிதான்: யார் எத்தனை சாரன் நெய்தார், முற்பணத்தில் எவ்வளவு கழிந்தது, பக்கத்தில் அவரது கையொப்பம். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், அங்கே இப்படியான கடனைத் திருப்பிக் கட்டவே தேவையில்லை என்கிறார். இங்கும் அவ்வாறான தள்ளுபடி உண்டா? இந்த நிலையில் கடன் எடுப்பது சரியா?

கணக்காளர், கல்முனை:

அந்தக் கொப்பியைக் குறைவாக எண்ண வேண்டாம், சகோதரரே. கையொப்பத்துடன் கூடிய கூலிக் கணக்கு நல்ல சான்று. ஜனவரி முதல் மார்ச் வரையான பக்கங்களைக் கொண்டு ஆள்வாரியாக ஓர் அட்டவணை தயாரித்து, நூலும் சாயமும் வாங்கிய பற்றுச்சீட்டுகள், கடைகள் தந்த காசோலைகளின் பிரதிகள், வியாபாரப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றுடன் கொடுங்கள். இது தொழிற்படு மூலதனத்துக்கான, அதாவது அன்றாடத் தொழிற்செலவுக்கான, கடன் என்பதால், தொழில் உண்மையாக நடந்து வந்ததா, மீண்டும் நடக்குமா என்பதைத்தான் வங்கி முதலில் பார்க்கும்.

சேமலாப நிதி வேறு விடயம். துண்டுக் கணக்கில் கூலி பெறுபவரும் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியரே. அவருக்காக நீங்கள் 12 வீதமும், அவரது கூலியிலிருந்து 8 வீதமும், அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நீங்கள் 3 வீதமும் செலுத்த வேண்டும். பிந்திச் செலுத்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும். பழைய திகதியிட்டு ஆவணம் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தொழில் அலுவலகத்துக்கு நேரில் சென்று, இன்றைய நிலைமையைச் சொல்லிப் பதிவைத் தொடங்குவதே பாதுகாப்பானது.

சிற்றுண்டித் தயாரிப்பாளர், ஆரையம்பதி:

கணக்காளர் தம்பி சொன்னவற்றை நான் மறுக்கவில்லை; ஆனால் நிற்கும் தறிக்குக் கூலி கொடுக்கக் கடன் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாதச் சம்பளக்காரருக்கு, வேலை கொடுக்க முடியாவிட்டாலும் அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபாய், இவற்றில் கூடியதைக் கொடுப்பது என்று தொழில் அமைச்சின் ஊடாக இணக்கம் கண்டிருக்கிறார்கள். துண்டுக் கூலிக்காரரின் நிலைமையை அது தீர்க்கவில்லை என்பதுதான் வேதனை. அவர்களுக்குத் தேவையானது வேலை. முகக்கவசத் துணிக்கு இன்று எங்கும் கேள்வி இருக்கிறது. கையில் இருக்கும் நூலில் அதை நெய்து, பக்கத்து ஊர்த் தையல்காரப் பெண்களிடம் கொடுத்தால், சிறிய தொகையானாலும் வாராவாரம் கூலி போகும். கடன் எடுப்பதானால் அப்படி ஓடும் தறிக்கு நூல் வாங்க எடுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், மட்டக்களப்பு:

உங்கள் மச்சான் சொல்வது அங்கே சரி. மார்ச் 27 ஆம் திகதி அமெரிக்காவில் சட்டமான அந்தத் திட்டத்தில், சராசரி மாதச் சம்பளச் செலவின் இரண்டரை மடங்கு வரை 1 வீத வட்டிக்குக் கொடுக்கிறார்கள். அதில் நான்கில் மூன்று பங்கையேனும் 8 வாரங்களுக்குள் சம்பளமாகக் கொடுத்து, ஆட்களையும் நிறுத்தாமல் வைத்திருப்பவருக்குக் கடன் தள்ளுபடியாகும். நம்முடைய திட்டத்தில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. எடுத்த ரூபாய் முழுவதையும் கட்டியாக வேண்டும்.

தவணைக் காலம் 24 மாதங்கள், அதில் முதல் 6 மாதங்கள் சலுகைக் காலம். 5 இலட்சம் ரூபாய் எடுத்தால், எஞ்சிய 18 மாதங்களில் அசல் மட்டுமே மாதம் 27,778 ரூபாய் வரும். தொடக்கத்தில் வட்டியும் மாதத்துக்கு ஏறத்தாழ 1,667 ரூபாய். வட்டி சிறியது என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள், உண்மையில் சுமை அசலில்தான் இருக்கிறது. வருகின்ற டிசம்பரில் உங்கள் தறிகள் மாதம் 30,000 ரூபாயை மிச்சம் தருமா என்று கூலி, நூல், வீட்டுச் செலவு எல்லாம் கழித்துப் பாருங்கள். கொழும்புக் காசோலைகள் நிச்சயமாக மாறும் என்று வைத்து அந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

ஏற்கெனவே லீசிங்கோ வேறு கடனோ இருந்தால், தவணையைப் பிற்போடும் சலுகையை முதலில் கேளுங்கள். புதுக் கடனை எடுத்துப் பழைய தவணையைக் கட்டுவது உங்கள் தொழிலாளர்களுக்கு எந்த விதத்திலும் உதவாது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன மறுப்பைக் கொண்டு மேலிடத்தில் முறையிடுவது கடினம்.

கைத்தறி உரிமையாளர், மருதமுனை:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் கணக்காளர் சகோதரருக்கும் மிக்க நன்றி. 5 இலட்சம் கேட்கும் எண்ணத்தை விட்டு, நான்கு தறிகளை முகக்கவசத் துணிக்கு ஓட்டுவதற்கான நூலுக்கும் இரண்டு மாதக் கூலிக்கும் மட்டும் விண்ணப்பிக்கிறேன். வேன் லீசிங்கை ஒத்திவைக்கும்படி இன்றே எழுதுகிறேன். கல்முனைப் பக்கத்தில் தொழில் அலுவலகம் இப்போது எந்த நாட்களில் பொதுமக்களைச் சந்திக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதினால், கொப்பியுடன் அங்கே போய்விடுவேன்.