ஆந்தையின் சிற்றினமும் கக்குவான் கிருமியின் சிற்றினமும்: 'ஒப்பினம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாக்டீரியாக்களின் சிற்றினத்துக்கு (species) தமிழில் தனிச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த 'நுண்சிற்றினம்' என்ற பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அது உயிரியின் அளவைத்தான் சொல்கிறது. ஒரு சிற்றினத்துக்கு எல்லை எப்படிப் போடப்பட்டது என்பதல்லவா இங்கே கேள்வி?

மசினகுடிப் பக்கம் இரண்டு குட்டி ஆந்தைகள் உண்டு. இரண்டுக்கும் தலையில் நிமிர்ந்த இறகுக் கொம்பு. மரப்பட்டை நிறத்தில் கோடும் புள்ளியும். டார்ச் வெளிச்சத்தில் பிரித்தறிவது கடினம். கூப்பிட்டால் தெரிந்துவிடும். ஓட்டஸ் பக்கமீனா 'வட்' என்று ஒற்றை அசையை விட்டுவிட்டுச் சொல்லும். ஓட்டஸ் சுனியாவின் குரல் மூன்று அசை. குஞ்சுகள் இதை யாரிடமும் கற்பதில்லை, பிறவியிலேயே வருவது. குரல் மாறினால் ஜோடி சேராது. தமக்குள் கூடி இனம்பெருக்கும் கூட்டமே சிற்றினம் என்று 1942-இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் தந்த வரையறை இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. எல்லையை ஆந்தைகளே போட்டுக்கொள்கின்றன.

மலையேறிக் குன்னூர் போனால் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம். முத்தடுப்பு மருந்து தயாரித்த இடம். கக்குவான் கிருமி போர்டெடெல்லா பெர்ட்டுசிஸ் அம்மருந்தின் ஒரு பங்கு. இரத்தம் கலந்த அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் பாதரசத் துளி போலப் பளபளக்கும் சின்னஞ்சிறு புள்ளிகளாக அது வளரும். பிளந்தே பெருகுவதால் ஜோடி வேண்டாம். மயரின் அளவுகோல் செல்லாது. அதனால் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, 95–96 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஒரே சிற்றினம் என்று ஆய்வாளர்கள் கோடு கிழிக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், அந்தக் கோட்டின்படி பெர்ட்டுசிஸும், நாய்களுக்கு இருமல் தரும் போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகாவும் ஒன்றே! முன்னது மனிதரை மட்டுமே பற்றும். மருத்துவருக்கு அந்த வேறுபாடு முக்கியம். எனவே பெயர்கள் தனித்தனியே நீடிக்கின்றன.

என் முன்மொழிவு: ஒப்பினம். ஒப்பிட்டு வகுத்த இனம். பேரினம், சிற்றினம் என்ற வரிசையோடு ஓசையிலும் இசைகிறது. பேரினமும் சிற்றினமும் சேர்ந்த இருபெயரீட்டில் சிற்றினம் அப்படியே இருக்கட்டும், டி.என்.ஏ. ஒப்புமையால் மட்டும் வகுத்த கூட்டத்துக்கு இது. "பெர்ட்டுசிஸும் பிராங்கிசெப்டிகாவும் இரு சிற்றினங்கள், ஒரே ஒப்பினம்" என்று பாடநூலில் குழப்பமின்றி எழுதலாம். 'ஒத்த இனம்' என்று மாணவர் மயங்கக்கூடும் என்பீர்கள். முதலில் வரும் இடத்தில் ஒரு வரி வரையறை கொடுத்தால் தீரும்.

ஒரே சிற்றினத்துக்குள் வரும் தனி வகையான ஸ்ட்ரெயினுக்கு (strain) 'திரிபு' என்ற சொல்லும் வேண்டாம். மூலம் ஒன்று, மற்றதெல்லாம் அதிலிருந்து பிறழ்ந்தவை என்ற தொனி அதில் இருக்கிறது. 'கால்வழி' போதும்.