கவச உடைகளுக்கு மீண்டும் தட்டுப்பாடு வந்தால்: சிறிய மருத்துவமனை எவ்வளவு இருப்பு வைத்திருக்க வேண்டும்?

கேள்வி: வைகைக்கரைச் செவிலி

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் 60 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராகப் பணிபுரிகிறேன். 2020 ஏப்ரலில் வேறொரு மருத்துவமனையின் காய்ச்சல் வார்டில் இருந்தேன். அங்கே ஆளுக்கு ஒரு என்95 முகக்கவசம் என்று ஒரு வாரத்துக்குக் கொடுத்தார்கள். பணி முடிந்ததும் அதைப் பெயர் எழுதிய காகித உறையில் போட்டு வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்து அணிந்துகொண்டோம். கவச உடை வந்து சேராத நாட்களில், துணி அங்கியின்மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். கழிவு வாளிகளை எடுத்த அக்காவுக்கு அந்த மழைக்கோட்டும் கிடைக்கவில்லை. அவருக்கு ஒரு மூன்றடுக்கு முகக்கவசமும் ரப்பர் கையுறையும்தான். எங்கள் வார்டில் முதலில் தொற்று கண்டது அவருக்குத்தான். பதினெட்டு நாள் கழித்து நல்லபடியாக வீடு திரும்பினார் என்றாலும், அந்த நாட்களில் அவருடைய மகள் வார்டு வாசலில் வந்து நின்ற காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

இப்போது எங்கள் மருத்துவமனையில் பெருந்தொற்றுக் கால இருப்புத் திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நிர்வாகமோ, நம் நாட்டிலேயே இன்று நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் கவச உடை தயாரிக்கின்றன, கேட்ட இரண்டு நாளில் வந்து சேரும், அப்படியிருக்கப் பணத்தை ஏன் அலமாரியில் முடக்க வேண்டும் என்கிறது. இந்த வாதம் சரிதானா? சரியில்லை என்றால், எங்களைப் போன்ற மருத்துவமனை எதை, எவ்வளவு, எப்படி வைத்திருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பின்னலாடைக் கூடம்

திருப்பூரில் ஏற்றுமதிப் பின்னலாடைக் கூடம் ஒன்றில் உற்பத்தி மேற்பார்வையாளராக இருக்கிறேன். 2020 ஏப்ரல் இறுதியில், ஊரடங்கில் பூட்டிக் கிடந்த எங்கள் கூடத்தைக் கவச உடை தைப்பதற்காகவே திறந்தோம். ஆகவே உங்கள் நிர்வாகத்தின் வாதத்துக்கு நான் பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அரசு அப்போது வெளியிட்ட கணக்கின்படி, 2020 ஜனவரியில் நாட்டில் இருந்தவை ஏறத்தாழ 2.75 லட்சம் கவச உடைகள், அத்தனையும் இறக்குமதியானவை. மே நடுப்பகுதியில் 600க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சான்று பெற்று, நாளொன்றுக்கு 4.5 லட்சம் உடைகள் தயாராகிக்கொண்டிருந்தன. அதில் எங்கள் கைகளுக்கும் பங்கு உண்டு என்பதில் எனக்கு மிகுந்த பெருமை. ஆனால் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை இடையில் எட்டு வாரங்கள் ஓடின. நீங்கள் மழைக்கோட்டு அணிந்து நின்றது அந்த எட்டு வாரங்களில்தான்.

அந்த எட்டு வாரமும் எங்கே போயிற்று என்று கேட்டால், தையலில் போகவில்லை. தைப்பதற்குக் கொங்கு நாட்டில் ஆள் பஞ்சமே கிடையாது. முதல் சிக்கல் துணி. பனியன் துணி இதற்கு உதவாது. நெய்யாமல் இழைகளை ஒட்டிச் செய்யும் பாலிபுரொப்பிலீன் நான்-வோவன் துணியின்மேல் நீர் புகாத படலம் ஒட்டியதாக இருக்க வேண்டும். இரண்டாவது சிக்கல், அப்படிப்பட்ட துணியில் ஊசி இறங்கும் ஒவ்வொரு துளையும் இரத்தமும் எச்சிலும் உள்ளே புகுவதற்கான வழியாகிவிடும் என்பது. அதனால் தையல் கோடு முழுவதன்மீதும் சூடான காற்றில் நாடாவை ஒட்டி அடைக்க வேண்டும். அந்த நாடா ஒட்டும் இயந்திரம் மழைக்கோட்டு தைப்பவர்களிடம் இருந்ததே தவிர, பின்னலாடைக்காரர்களிடம் இல்லை. நாடாவுக்கும் வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தட்டுப்பாடு எந்த அளவுக்குப் போயிற்று என்றால், நீர்மூழ்கிக் கப்பல் பயன்பாடுகளுக்கான ஒட்டுப்பசையை அடிப்படையாகக் கொண்டு நாடாவுக்கு மாற்று ஒன்றைப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கிக் கொடுத்தது.

மூன்றாவது, சோதனை. செயற்கை இரத்தத்தை அழுத்தத்தோடு துணியின்மீது செலுத்தி, மறுபுறம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். தொடக்கத்தில் இந்தச் சோதனைக்கு நாடு முழுவதற்கும் கோவையிலுள்ள சிட்ரா என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆய்வகம் ஒன்றுதான் இருந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை போன்றவற்றுக்கு இந்தச் சோதனையை நடத்த ஒப்புதல் கிடைத்ததெல்லாம் பிறகுதான். எங்கள் முதல் மாதிரி தலைமூடி கழுத்தோடு சேரும் இடத்தில் கசிந்து தோற்றது. அதைத் திருத்தி மறுபடியும் வரிசையில் நின்று சான்று வாங்குவதற்குள் பல நாட்கள் போயின.

இன்றைய நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். தேவை குறைந்ததும் எனக்குத் தெரிந்த கூடங்களில் பெரும்பாலானவை பனியனுக்கே திரும்பிவிட்டன. எங்கள் நாடா இயந்திரங்கள் இரண்டும் தார்ப்பாய் போர்த்தி மூலையில் கிடக்கின்றன. ஆகவே 600 என்ற அந்த எண்ணிக்கையை நம்பி இன்றைய திட்டத்தை எழுதாதீர்கள். வாங்கும்போது கவச உடைக்கான ஐஎஸ் 17423 என்ற இந்தியத் தரநிலைக்கு உட்பட்டதுதானா என்று பாருங்கள். உடையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கவட்டிலும் அக்குளிலும் நாடா விடுபடாமல் ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பதில் 2: ஓய்வு பெற்ற மருந்தாளுநர்

வாழ்நாள் முழுவதும் மருந்துக் கிடங்குகளில் பணியாற்றியவன் நான். மேலே நண்பர் சொன்னது உற்பத்தியாளர் பக்கத்து எட்டு வாரம். வாங்குபவர் பக்கத்தில் அது இன்னும் கொடுமையாக இருந்தது.

2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனம், உலகத்துக்கு மாதந்தோறும் 8.9 கோடி மருத்துவ முகக்கவசங்களும் 7.6 கோடி கையுறைகளும் தேவைப்படும் என்று கணக்கிட்டு அறிவித்தது. சாதாரண முகக்கவசத்தின் விலை அதற்குள் ஆறு மடங்காகவும், என்95 மூன்று மடங்காகவும், அங்கி இரண்டு மடங்காகவும் ஏறியிருந்தது. நம் நாட்டிலோ, ஜனவரி 31 அன்று இவற்றின் ஏற்றுமதியைத் தடை செய்த ஆணை, பிப்ரவரியில் சில பொருள்களுக்குத் தளர்த்தப்பட்டு, மார்ச் 19 அன்று மீண்டும் இறுக்கப்பட்டது. தளர்வு இருந்த அந்த வாரங்களில் சரக்கு வெளியே போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டும் பெரிய மருத்துவமனைகளும் மாநில அரசுகளுமே வரிசையில் முந்திக்கொள்வார்கள். 60 படுக்கை மருத்துவமனையின் ஆர்டர் கடைசியில்தான் நிற்கும். இரண்டு நாளில் வந்து சேரும் என்பதெல்லாம் நோய் இல்லாத காலத்துக் கணக்கு, அம்மா.

அதே சமயம், வாங்கிக் குவித்துவிட்டால் போதும் என்றும் எண்ண வேண்டாம். 2003 சார்ஸ் தொற்றுக்குப் பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 5.5 கோடி என்95 முகக்கவசங்களை வாங்கி அடுக்கியது. அவசரகால இருப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் காலாவதியாகிவிட்டது என்று 2017ஆம் ஆண்டில் தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டியது. அமெரிக்கா 2009 பன்றிக்காய்ச்சலின்போது தேசிய இருப்பிலிருந்து 8.5 கோடி என்95 முகக்கவசங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தைப் போதிய அளவுக்குத் திரும்ப நிரப்பாமலே விட்டது. ஓரிடத்தில் இருப்பு சுழலவில்லை, மற்றோரிடத்தில் நிரம்பவில்லை. 2020இல் இரண்டு நாட்டுச் செவிலியர்களும் அதன் விளைவை அனுபவித்தார்கள்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். எட்டுப் படுக்கை தனிமை வார்டு என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில், குளிர்சாதனம் இல்லாத வார்டில், கவச உடைக்குள் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒருவரால் தாங்க முடியாது. தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ ஒருமுறை கழற்றினால் அந்த உடை அதோடு முடிந்தது. ஆகவே நாளுக்கு நான்கு ஷிப்ட். ஒவ்வொரு ஷிப்டிலும் மருத்துவர் ஒருவர், செவிலியர் இருவர், மருத்துவமனைப் பணியாளர் ஒருவர், தூய்மைப் பணியாளர் ஒருவர் என ஐவர். அப்படியானால் நாளுக்கு இருபது. எக்ஸ்ரே எடுப்பவர், நோயாளியை மாற்றுபவர், இடையில் கிழியும் உடை ஆகியவற்றுக்காக ஐந்து சேருங்கள். நாளுக்கு 25, முப்பது நாளுக்கு 750. இதைச் சொந்த அலமாரியில் வையுங்கள். அடுத்த முப்பது நாளுக்கான 750ஐ விநியோகஸ்தரின் கிடங்கில் உங்கள் பெயரில் ஒதுக்கி வைக்கவும், காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே புதிய சரக்காக மாற்றித் தரவும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். என்95 முகக்கவசத்துக்கு அந்த ஒப்பந்தம்கூடத் தேவையில்லை. காசநோய் நோயாளிகளைப் பார்க்கும் இடத்திலும் மூச்சுக்குழாய் உள்நோக்கிச் சோதனை செய்யும் அறையிலும் பழைய பெட்டியை முதலில் எடுத்துப் பயன்படுத்தி வந்தால், இருப்பு தானாகச் சுழலும்.

பதில் 3: நெஞ்சக நோய் மருத்துவர்

சிஸ்டர், ஐயாவின் கணக்கோடு ஒன்று சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். பணம் குறைவாக இருந்தால், கவச உடையின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் என்95 எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். தலை முதல் கால் வரை மூடும் உடை எபோலாக் காலத்தில் நம் மனங்களில் பதிந்துவிட்ட தோற்றம். காற்றில் பரவும் நோயில் உயிரைக் காப்பது மூக்கிலும் வாயிலும் இருப்பதுதான். நீண்ட கை வைத்த, நீர் புகாத அங்கியும் கண்காப்பும் கையுறையும் பல இடங்களுக்குப் போதுமானவை. 2020 மார்ச் 24 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலும் புறநோயாளிப் பிரிவு, வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஆபத்தின் அளவைப் பிரித்தே உடையைப் பரிந்துரைத்தது.

என்95 வடிகட்டுவது வெறும் இழைகளின் நெருக்கத்தால் மட்டும் அன்று. நடுவிலுள்ள மெல்ட்புளோன் என்ற நுண்ணிழை அடுக்கில் ஏற்றப்பட்ட நிலைமின்னேற்றமும் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. ஸ்பிரிட் தெளித்தாலோ சோப்பு நீரில் அலசினாலோ அந்த மின்னேற்றம் போய்விடும், முகக்கவசம் பார்வைக்கு மட்டும் புதிதாகத் தெரியும். தட்டுப்பாட்டில் மறுபடி அணிய நேர்ந்தால், ஆளுக்கு ஐந்து எனக் கொடுத்து, எண்ணிட்ட காகித உறைகளில் நாட்கணக்கில் உலர விட்டுச் சுழற்றும் முறையே மேல். நீங்கள் செய்ததுபோல் ஒன்றையே நாள்தோறும் அணிவது கட்டாயத்தின் பேரில் நடந்தது, அதைத் திட்டத்தில் எழுதிவிடாதீர்கள்.

இரண்டு அளவுகளிலாவது வாங்குங்கள். நம் செவிலியர்களில் பலருக்கு முகம் சிறியது. பெரிய அளவு கன்னத்தோரம் இடைவெளி விடும். காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றிக் கட்டும் பட்டை உள்ளது நன்றாகப் படியும். வால்வு வைத்தது வேண்டாம், அணிந்தவரின் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியேறும். இனிப்புக் கரைசலைத் தெளித்துச் சுவை தெரிகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை நடத்துங்கள். கழற்றும் பயிற்சியையும் அப்போதே கொடுத்துவிடலாம். உடையைக் கழற்றும் அந்தச் சில நிமிடங்களிலும் தொற்று ஒட்டிக்கொள்ளக்கூடும்.

கேட்டவர்: வைகைக்கரைச் செவிலி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயாவின் கணக்கை நிர்வாகம் தந்த வரைவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வரைவில் ஷிப்டுக்கு மூவர் என்றே போட்டிருக்கிறார்கள். மருத்துவரும் செவிலியர் இருவரும் மட்டும். மருத்துவமனைப் பணியாளரும் தூய்மைப் பணியாளரும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள், அவர்களுக்கான உடையை அந்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். நாளுக்கு எட்டு, மாதத்துக்கு 240 உடைகள் அந்த ஒரு வரியில் காணாமல் போகின்றன. 2020இல் அந்த அக்காவுக்கு நடந்ததும் இதுதான். இதை நான் எப்படி எடுத்துச் சொல்வது?

ஓய்வு பெற்ற மருந்தாளுநர்

உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016ஐ எடுத்துச் செல்லுங்கள், அம்மா. மருத்துவமனையின் கடமைகளைச் சொல்லும் பகுதியில், சுகாதாரப் பணியாளர்களுக்கும் கழிவைக் கையாளும் மற்றவர்களுக்கும் போதிய தற்காப்பு உபகரணங்களை வழங்கிப் பணிப் பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கடமை மருத்துவமனையின் பெயரில் இருக்கிறது. ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து பணத்தைப் பிறகு வசூலித்துக்கொள்வது நிர்வாகத்தின் விருப்பம். இருப்பு மருத்துவமனையின் அலமாரியில் இருந்தாக வேண்டும். அதே பகுதியில் மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசியும் இவர்களுக்குப் போட வேண்டும் என்று உள்ளது. போடப்பட்டிருக்கிறதா என்று அதையும் கேட்டுவிடுங்கள். வரைவில் ஷிப்டுக்கு ஐவர் என்று திருத்தி, தூய்மைப் பணியாளருக்குத் தடித்த கையுறையும் முழங்கால் வரையிலான காலணியும் தனி வரியாகச் சேர்த்து, கூட்டத்துக்கு முன்பே கையெழுத்துக்கு வையுங்கள்.