பிசினஸ் வகுப்பிலும் இருக்கைக்குத் தனிக் கட்டணமா?

பாளைக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கும் என் பெற்றோர், லண்டனில் வசிக்கும் தங்கையின் பேறுகாலத்துக்காக அடுத்த மாதம் புறப்படுகிறார்கள். அப்பாவுக்கு வயது 74. வலது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை செய்து ஓராண்டுதான் ஆகிறது. திருவனந்தபுரத்தில் ஏறி இடையில் ஒருமுறை விமானம் மாற வேண்டிய பயணம் என்பதால், இந்த ஒரு தடவையாவது காலை நீட்டிப் படுத்துப் போகட்டும் என்று நானும் தங்கையும் பங்கு போட்டு பிசினஸ் வகுப்பில் டிக்கெட் எடுக்கத் தீர்மானித்தோம்.

பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகுதான் இருக்கைப் படம் திறந்தது. காலியாக இருந்த ஒவ்வொரு கட்டத்தின் மீதும் ஒரு விலை இருந்தது. முதல் விமானத்தில் ஆளுக்கு 4,000 ரூபாய், இரண்டாவதில் 9,000 ரூபாய். இரண்டு பேருக்குப் போகவும் வரவும் கூட்டினால் 52,000 ரூபாய் ஆகிறது. பிசினஸ் வகுப்புக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்ததையே முணுமுணுத்துக்கொண்டு ஏற்றுக்கொண்டவன் நான். பணம் கட்டாமல் விட்டால் இருவரையும் வேறு வேறு இடத்தில் உட்கார வைத்துவிடுவார்களா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

டிக்கெட் அண்ணாச்சி

தம்பி, ஜங்ஷன் பக்கம் இருபது வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார். நீங்கள் பார்த்தது பிசினஸ் வகுப்பிலேயே மிகக் குறைந்த கட்டண வகை என்று நினைக்கிறேன். இருக்கை, சாப்பாடு, படுக்கை எல்லாம் ஒன்றுதான். ஆனால் முன்கூட்டியே இடம் தேர்வு செய்வது, தேதி மாற்றுவது, சில நிறுவனங்களில் விமான நிலைய ஓய்வறையான லவுஞ்சுக்குள் நுழைவதுகூட அந்த வகையில் சேராது. எமிரேட்ஸ் 2019-இல் இப்படியொரு மலிவு வகையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கத்தார் ஏர்வேஸ் ‘லைட்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் கதை இதைவிடப் பழையது. அங்கே அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் உயர்நிலை உறுப்பினர் தகுதி இல்லாதவர்கள் பிசினஸ் வகுப்பில் முன்னதாக இடம் பிடிக்கப் பல ஆண்டுகளாகவே பணம் கட்டி வருகிறார்கள். விமானம் புறப்பட 24 மணி நேரம் இருக்கும்போதுதான் அது இலவசமாகும்.

ஆகவே நீங்கள் கட்டுவது இருக்கைக்கு அல்ல, முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் வசதிக்கு. செக்-இன் திறக்கும் வரை பொறுத்திருந்தால் மீதமுள்ளவற்றில் ஒன்று பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். பிசினஸ் வகுப்பில் மொத்தமே சில டஜன் இருக்கைகள்தான் என்பதால், கடைசி நேரத்தில் இரண்டு இடம் சேர்ந்தாற்போல் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. எதற்கும் கட்டணப் பக்கத்துக்குத் திரும்பிச் சென்று, இதற்கு அடுத்த வகை எவ்வளவு என்று பாருங்கள். இருக்கைக் கட்டணத்தைத் தனியாகக் கட்டுவதைவிட அது மலிவாக முடிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் எல்லோரும் முதல் விலையைத் தொட்டுவிட்டு மேலே போய்விடுகிறார்கள், அதுதான் சிக்கல்.

வள்ளியூரான்

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. நம் ரயிலில் முதல் வகுப்பு ஏசிக்கு உச்சக் கட்டணம் கொடுத்தும், சார்ட் தயாராகும் வரை எந்த கேபின், எந்த பெர்த் என்றே தெரியாமல்தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிறோம்? அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை. மேலும் ஒரே பிசினஸ் வகுப்புக்குள் எல்லா இருக்கையும் சமமானவை அல்ல. சுவிஸ் நிறுவனத்தின் சில விமானங்களில் இருபுறமும் மேசை வைத்த ஒற்றை இருக்கைகள் இருக்கின்றன. லுஃப்தான்சா 2024-இல் அறிமுகப்படுத்திய ‘அலெக்ரிஸ்’ அமைப்பில் கதவு வைத்த அறை போன்ற இடங்கள்கூட முன்வரிசையில் உண்டு. அவற்றுக்கு அதிக விலை கேட்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

ஆனால் கழிவறைக் கதவை ஒட்டிய இருக்கைக்கும் விலைச்சீட்டு ஒட்டுவது அநியாயம். 2-3-2 என்று அமைந்த வரிசையில் இரண்டு பேருக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் அந்த இருக்கைக்கு, நியாயமாகப் பார்த்தால் விமான நிறுவனம்தான் நமக்குப் பணம் தர வேண்டும்.

குற்றாலச் சாரல்

அண்ணன் கேட்டதில் அப்பாவின் முழங்கால்தான் முக்கியம் என்று படுகிறது. மேலே யாரும் அதைத் தொடவில்லை. டிக்கெட் எடுத்த கையோடு விமான நிறுவனத்தை அழைத்து, வீல்சேர் உதவி வேண்டும் என்று பதிவு செய்யுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவிட வேண்டும். அப்போதே, அம்மா துணையாக வருவதையும் இருவருக்கும் சேர்ந்த இருக்கை தேவை என்பதையும் பதிவில் எழுதச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் இயற்றிய 1107 எண் விதிமுறை, பிரிட்டன் வெளியேறிய பிறகும் அங்கே சட்டமாகத் தொடர்கிறது. நடமாட்டச் சிரமம் உள்ளவரின் துணையாளுக்குப் பக்கத்து இருக்கை கொடுக்க இயன்ற முயற்சி அனைத்தையும் எடுக்க வேண்டும், இதற்குத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது அது. லண்டனிலிருந்து திரும்பும்போது எந்த நாட்டு விமானமானாலும் இது பொருந்தும். போகும்போது மட்டும் நிறுவனத்தைப் பொறுத்து மாறும்.

இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்காக மட்டுமே. ஒரே பதிவில் பயணம் செய்யும் பெற்றோரில் ஒருவர் அருகில் அவர்களை அமர்த்த வேண்டும். முதியவர்கள் அதில் வரமாட்டார்கள்.

சென்ற ஆண்டு என் மாமியாரை அனுப்பியபோது நான் இதையெல்லாம் அறியாமல் பணத்தைக் கட்டினேன். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு விமானத்தின் வகையையே மாற்றி, வாங்கிய இருக்கையை வேறெங்கோ தள்ளிவிட்டார்கள். கட்டிய ரசீதைக் காட்டி ஐந்து மின்னஞ்சல் எழுதிய பிறகுதான் தொகை திரும்பியது. நீங்கள் கட்டுவதாக இருந்தால் ரசீதைத் தனியாகச் சேமித்து வையுங்கள். அது டிக்கெட்டோடு சேர்ந்து வராது, வேறு மின்னஞ்சலாக வரும்.

பாளைக்காரன்

அனைவருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்னபடி திரும்பிப் போய்ப் பார்த்தேன். அடுத்த வகைக்கு ஆளுக்கு 18,000 ரூபாய்தான் கூடுதல், இருவருக்கும் 36,000. தேதி மாற்றும் வசதியும் அதில் அடக்கம். பிரசவம் நாம் குறித்த தேதியிலா நடக்கிறது, அதனால் அதையே எடுத்துவிட்டேன். 1-2-1 வரிசையில் நடுவில் இருக்கும் ஜோடி இருக்கை இருவருக்கும் கிடைத்திருக்கிறது. வீல்சேரையும் பதிவு செய்தாயிற்று, சாரல் தங்கச்சி. முதலில் அப்பா முகத்தைச் சுளித்தார், அம்மா ஒரு பார்வை பார்த்ததும் பேசாமல் இருந்துவிட்டார். இருக்கைப் படத்தைக் காட்டியபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கழிவறை எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது?